இரண்டு வருஷத்துக்குக் குறையாத பட்டை

எங்கள் வீட்டுக் கிணற்றில் பாதிதான் எங்களுடையது. கிணற்றின் வாய்க்குக் குறுக்கே ஒரு கருங்கல் உத்தரத்தைப் போட்டு அதன்மேல் மதிலை எழுப்பியிருந்தார்கள். இந்தப் பக்கம் எங்கள் ராட்டினம், அந்தப் பக்கம் மேஸ்திரி வீட்டு ராட்டினம். கீழே தண்ணீர் ஒன்றுதான். ஆம்பூர்த் தோல் வியாபாரி ஒருவர் தம் இரண்டு பிள்ளைகளுக்காக ஒட்டினாற்போல் இரண்டு வீடு கட்டிக் கிணற்றை மட்டும் பொதுவில் வெட்டினாராம். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு இரண்டையும் விற்றுவிட்டுப் போனார்கள். ஒன்று எனக்கு வந்தது. மற்றது தெருக்கோடியில் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்த மேஸ்திரிக்குப் போயிற்று. அவர் முசல்மான். ஊரிலிருந்து வரும் என் உறவினர்களில் சிலர் இந்தக் கிணற்றைப் பார்த்துவிட்டுத் தாகமே இல்லை என்று சொல்லி, திரும்பும்போது ரயில்வே ஸ்டேஷனில் சோடா வாங்கிக் குடித்தார்கள். அந்தச் சோடாவை யார் அடைத்தது என்று அவர்கள் விசாரித்ததாகத் தெரியவில்லை.

பாலாற்றோரம் இருந்த கிணறுகள் டேனரிக் கழிவால் நாங்கள் குடிவருவதற்கு முன்பே கெட்டிருந்தன. எங்கள் தெரு சற்று மேடு. எங்கள் தண்ணீரில் பருப்பு வெந்தது. அந்தப் பக்கங்களில் தண்ணீருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. மேஸ்திரியின் மனைவி கோஷா அனுஷ்டிப்பவர். அந்த அம்மாளின் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. கிணற்றின் வழியாகக் குரல்தான் வரும். என் மனைவியும் அவரும் ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தினமும் அரைமணி நேரம் பேசுவார்கள். கிணற்றுக்குள் குரல் ஒருதரம் சுற்றிவிட்டு வருவதால், சாதாரண மிளகாய்ப்பொடி விவகாரம்கூட ஏதோ பிரசங்கம் மாதிரிக் கேட்கும். வாசலைத் தாண்டிப் போய்த் தண்ணீர் எடுக்க முடியாத ஒரு பெண்ணுக்கு அந்தப் பாதிக் கிணறு எத்தனை பெரிய சொத்து என்று நான் அப்போது யோசித்ததில்லை. என் யோசனையெல்லாம் என் தோட்டத்தில் இருந்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் தாலுகா கச்சேரியில் காகிதம் தின்றுவிட்டு, சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். எந்த மனு எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும், அங்கிருந்து எந்த மேஜையில் எத்தனை நாள் தூங்கும், தூங்குவதை எழுப்ப என்ன எழுத வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலையில் உத்தரவு போட ஆள் இல்லாமல் கொல்லையில் நின்றேன். அங்கே கொஞ்சம் நிலம் இருந்தது. அதற்கு உத்தரவு போட ஆரம்பித்தேன்.

விவசாய இலாகாவின் டெமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர் அந்த நாளில் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார். சீமையிலிருந்து வந்த வெள்ளை உரத்தை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, ஒரு கைப்பிடி போட்டால் கத்தரிக்காய் காய்த்துத் தள்ளும் என்றார். பூச்சிக்கு மயில்துத்தத்தைச் சுண்ணாம்போடு கரைத்து அடிக்கச் சொன்னார்.

"பூச்சி செத்தா அதைத் தின்ன வர்ற குருவி என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"குருவியைப் பத்தி இலாகாவுல ஒண்ணும் சொல்லல சார்" என்றார்.

நேர்மையான பதில். ஆனாலும் அவரைக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். சுற்றிலும் சுண்ணாம்புக் குழியும் கழிவு வாய்க்காலுமாக இருக்கிற ஊரில், ஒரு கொல்லை மண்ணாவது வாயில் வைக்கும்படி இருக்கட்டும் என்பது என் பிடிவாதம். எரு, வேப்பம் புண்ணாக்கு, சாம்பல் இவை தவிர எதுவும் உள்ளே வரக்கூடாது என்று வீட்டில் வாய்மொழியாக ஓர் உத்தரவு பிறப்பித்தேன்.

தண்ணீர்தான் கஷ்டம். பாலாறு வருஷத்தில் பதினொரு மாதம் மணல்தான். கிணற்றில் இரண்டு வீட்டுக்கும் குடிக்க, குளிக்கப் போதும். தோட்டத்துக்கு இறைத்தால் மே மாதத்தில் அடி தெரிந்துவிடும். குளித்த தண்ணீரை வாழைக்குத் திருப்பினேன். மெருகு போடாத மண் பானைகளைச் செடிக்குப் பக்கத்தில் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் கசியவிட்டேன். விழுகிற மழையில் ஒரு சொட்டும் தெருவுக்குப் போகாதபடி சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு வரப்பு போட்டேன். மண் காயாமல் இருக்க அதை மூடிவைக்க வேண்டும் என்று படித்திருந்தேன். வைக்கோல் மாட்டுக்குப் போகிறது. சருகு எங்கள் ஊரில் அடுப்புக்குப் போகிறது. எஞ்சியது பட்டை.

தோலை ஊறவைக்கும் ஆவாரம்பட்டை, சாரம் இறங்கிப்போன பிறகு வெறும் சக்கை. டேனரிகளில் அது மலைமலையாகக் குவிந்து கிடக்கும். கேட்டால் வண்டியோடு கொடுத்தனுப்புவார்கள். மேஸ்திரியிடம் சொன்னேன். சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

"புதுப் பட்டை வேணாம் மேஸ்திரி. அதுல துவர்ப்பு இருக்கும், வேரைச் சுடும். மக்கினதா, பழசா வேணும்."

"பழசு பின்னாடி கீது சார். ஆனா அது அந்தக் கொட்டாயாண்ட—"

அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் காகிதத்தைக் கொடுத்துவிட்டேன். முந்தின நாளே எழுதி வைத்திருந்தேன். 'தோட்ட உபயோகத்துக்காக, இரண்டு வருஷத்துக்குக் குறையாத பழைய பட்டை மட்டும் கொடுத்தனுப்பக் கோருகிறேன்.' கீழே கையெழுத்து, தேதி. மேஸ்திரிக்குத் தமிழ் சரளமாகப் படிக்க வராது. இருந்தாலும் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, தலைப்பாகையில் செருகிக்கொண்டார். வண்டிகள் வந்தன. கொல்லை முழுக்க ஒரு சாண் உயரத்துக்குப் பட்டையைப் பரப்பினேன். கிணற்றைச் சுற்றிலும்தான் அதிகம். அங்கேதான் நல்ல செடிகள் இருந்தன.

முதல் வருஷம் எனக்குத் தலை கால் புரியவில்லை. பாதித் தண்ணீரில் செடி வாடாமல் நின்றது. தேன்சிட்டு செம்பருத்திக்கு வந்தது. தையல்சிட்டு எலுமிச்சை இலையைக் கூட்டித் தைத்துக் குஞ்சு பொரித்தது. கீரி ஒன்று வரப்போரமாக என்னைவிட மிடுக்காக நடந்துபோகும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பட்டாம்பூச்சிகள். மழை பெய்து விட்ட காலைகளில் ஈரப் பட்டையின்மேல் மஞ்சளும் வெள்ளையுமாகக் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். கையை வீசினாலும் எழாது. நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, தேதிவாரியாக எந்த ஜந்து வந்தது என்று பதிவு செய்துகொண்டிருந்தேன். பட்டாம்பூச்சிக்குத் தனிப் பக்கம்.

"எண்ணி முடிச்சாச்சா?" என்பாள் மனைவி. "அப்படியே ஒவ்வொண்ணுகிட்டயும் கையெழுத்து வாங்கிக்குங்க."

விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "ரசாயனம் ஒரு குண்டுமணி கிடையாது. அதுதான் இதுங்க தேடி வருது" என்று சொன்னேன். இதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

பட்டை மட்கித் தாழ்ந்ததும் இரண்டாம் வருஷம் இன்னும் அதிகமாகப் போட்டேன். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தது. வரப்புக்குள் தண்ணீர் குளமாக நின்று மண்ணுக்குள் இறங்கியது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு அதை நின்று ரசித்தேன்.

தைமாதம் கத்தரி இலைகளின் ஓரம் கருக ஆரம்பித்தது. விளிம்பில் மட்டும் தீய்ந்த காகிதம் போல. பூச்சி என்று நினைத்து வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தேன். பிறகு அவரை போயிற்று. கிணற்றுப் படிகளில் எப்போதும் பத்துத் தவளைகள் இருக்கும். ஒருநாள் கவனித்தபோது ஒன்றும் இல்லை. எப்போது போயின என்று நோட்டுப் புத்தகத்தில் தேடினேன். வந்தவற்றுக்குத்தான் பக்கம் வைத்திருந்தேன். போனவற்றுக்கு வைக்கவில்லை.

மாசியில் ஒரு காலை, கிணற்றுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது.

"அக்கா, உங்க வூட்ல பருப்பு வேவுதா?"

என் மனைவி கயிற்றை நிறுத்தினாள். "ரெண்டு நாளா வேகலைம்மா. பருப்புதான் மட்டம்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் கடைக்காரனைத் திட்டினேன். தண்ணியே ஒரு மாதிரி இருக்குதுக்கா. பச்சத்தண்ணி குடிச்சா தாகம் ஜாஸ்தியாவுது."

நான் ஒரு டம்ளர் மொண்டு வாயில் ஊற்றினேன். மூன்று மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்த ருசிக்கு நாக்கு பழகியிருந்தது. ஒருவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. உப்பு.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க எங்கள் ஊரில் யாரும் கஷ்டப்பட வேண்டியதில்லை. மூக்கு காட்டுகிற திசையில் போனால் போதும். தெருக்கோடியில் டேனரி. ஆற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்தவர்கள் மேட்டுக் கிணற்றையும் கெடுத்துவிட்டார்கள் என்று முடிவு செய்ய எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என் பட்டை அங்கேயிருந்துதான் வந்தது என்பது அந்த ஒரு நிமிஷத்தில் நினைவுக்கு வரவே இல்லை. பட்டை என்பது என் தோட்டம். கழிவு என்பது அவர்களுடையது.

மனு எழுதினேன். டேனரிகள் வருஷாவருஷம் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கிற சமயத்தில் பொதுஜன சுகாதாரத்தைப் பற்றி ஒரு புகார் வந்துவிட்டால் அது தீரும்வரை லைசென்ஸ் கைக்கு வராது. ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்குத் தெரியும். நாள் பார்த்து, பஞ்சாயத்து போர்டுக்கு ஒன்றும் சுகாதார அதிகாரிக்கு நகல் ஒன்றுமாக அனுப்பினேன். காரியம், காரணம், பரிகாரம் என்று பத்தி பத்தியாகப் பிரித்து எழுதிய அந்த மனுவில் இன்று படித்தாலும் எழுத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. அது பொய் என்பதைத் தவிர.

வாரம் திரும்புவதற்குள் மேஸ்திரி வந்தார். வழக்கமாகக் கொல்லைக் கதவு வழியாக வருபவர் அன்று தெருவாசலில் நின்று கூப்பிட்டார்.

"சார், ஒரு வார்த்தை."

"வாங்க மேஸ்திரி. உக்காருங்க."

உட்காரவில்லை. "எங்க டேனரித் தண்ணி இந்தப் பக்கமே வர்றதில்ல சார். வாய்க்கா அப்படிக்கா எறங்கி ஆத்துக்குப் போவுது. உங்களுக்கே தெரியும்."

"தெரிஞ்சது தெரியாதது எல்லாம் விசாரணையில வரும்."

"லைசென்ஸ் நின்னுபோச்சுன்னா முதலாளிக்கு வாணியம்பாடில வேற ஒண்ணு கீது. அங்க போய்டுவார். எங்களுக்கு இன்னா சார் இருக்குது? நாப்பது குடும்பம்."

"உங்க வீட்லயும் இதே தண்ணியைத்தானே குடிக்கிறாங்க? உங்களுக்கும் சேத்துத்தான் எழுதியிருக்கேன்."

மேஸ்திரி படியிலிருந்து இறங்கினார். "எனக்காக எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று முதல் கிணற்றில் பேச்சு நின்றது. ராட்டினம் மட்டும் இரண்டு பக்கமும் மாறி மாறி முனகியது. என் மனைவி ஒருநாள் தானாகவே "பருப்பு வெந்துச்சாம்மா?" என்று கேட்டுப் பார்த்தாள். அந்தப் பக்கம் குடம் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"உங்க மனு போர்டுக்குப் போச்சோ இல்லையோ, பக்கத்து வூட்டுக்குப் போய்ச் சேந்துடுச்சு" என்றாள் என்னிடம்.

விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. அதற்கு ஐந்து நாள் முன்னால், ஒரு பிற்பகல், மேஸ்திரி வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கள் கொல்லைக்குள் வந்துவிட்டது. மனைவி துடைப்பத்தோடு ஓடினாள். பிறகு சத்தத்தைக் காணோம். சிறிது நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. பக்கத்துலயே கீரைப் பாத்தி. அதை மோந்துகூடப் பாக்கல. பட்டையைப் போட்டு நக்குது."

கிணற்றடிப் பட்டையை அந்த ஆடு கண்ணை மூடிக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தது. கல்லைப் புரட்டுவது போலப் பட்டையை மூக்கால் புரட்டி அடியில் இருந்ததையும் நக்கிற்று. நான் தடுப்பதற்குள் மனைவி குனிந்து ஒரு துண்டை எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள். உடனே துப்பினாள்.

"தூ! ஊறுகாய்ப் பானை தோத்துடும்."

நான் அப்படியே நின்றேன். ஆற்று மணலில் மாடு மூத்திரம் பெய்துவிட்டுப் போன இடத்தில் பட்டாம்பூச்சிகள் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை இளவயதிலிருந்து ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அங்கே பூவும் இல்லை, தேனும் இல்லை. அவை உப்புக்காகத்தான் வருகின்றன. இது கீழ்வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், ஆடு மேய்க்கிறவனுக்குத் தெரியும். நான் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வருஷமாக என் கிணறு கெட்டுக்கொண்டிருப்பதைத் தேதிவாரியாக எழுதி, பக்கத்துக்குப் பக்கம் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஆட்டைப் பிடித்துக்கொண்டு நானே மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார்.

"மேஸ்திரி, எனக்கு அனுப்பின பழைய பட்டை டேனரியில எங்க கெடந்தது?"

"உப்புக் கொட்டாயாண்ட சார்."

"அப்படின்னா?"

"பச்சத் தோலு உப்பு போட்டுத்தான் வரும். வந்தவுடனே ஒதறித் தட்டுவோம். கீழ விழற உப்பெல்லாம் வாரி அந்தப் பழைய குவியல் மேலத்தான் கொட்டுவாங்க. வருஷக்கணக்கா."

"புதுப் பட்டை?"

"அது குழியாண்டயே கெடக்குது. அதுல உப்பு கெடையாது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வந்தேன் சார். நீங்க காயிதம் குடுத்தீங்க."

"சரி, மனு போட்டப்புறமாவது? உங்களுக்குத் தோணலியா?"

"தோணுச்சு. தண்ணி உப்பாயிடுச்சுன்னு அவ சொன்ன அன்னிக்கே தோணுச்சு." ஆட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "நான் சொன்னா இன்னா எழுதுவீங்க? 'டேனரி ஆளு முதலாளியக் காப்பாத்தறதுக்காகத் தோட்டத்து மேல பழி போடறான்'னு எழுதுவீங்க. எழுதுவீங்களா இல்லியா சார்?"

எழுதியிருப்பேன். அந்த வாக்கியத்தைக் கூட அதைவிட நன்றாக எழுதியிருப்பேன்.

அந்த ஐந்து நாளும் நான் நல்லவனாக இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. உண்மை தெரிந்த பிறகும் நான் முதலில் தேடியது வழியைத்தான், முப்பது வருஷப் பழக்கம். மனுதாரர் ஆஜராகாவிட்டால் மனு தள்ளுபடியாகும். அல்லது காரணம் சொல்லாமல் வாபஸ் வாங்கலாம். இரண்டுக்கும் விதி இடம் கொடுக்கிறது. இரண்டிலும் என் பெயர் அழுக்காகாது. மனைவியிடம் இந்த இரண்டாவது வழியைச் சொன்னேன்.

"வாபஸ் வாங்கிட்டா, தண்ணி ஏன் உப்பாச்சுன்னு போர்டு கேக்காதா?"

"கேட்கலாம். சுகாதார அதிகாரி தன்னாலேயே எடுத்து விசாரிக்கலாம்."

"விசாரிச்சா யாரைப் பிடிப்பாங்க?"

என் கண் தெருக்கோடிப் பக்கம் போயிற்று.

"கடுதாசி வாபஸ் வந்துடும். நீங்க சொன்ன சொல்லு அங்கயேதான் இருக்கும்" என்றாள். "அந்தப் பொண்ணு இன்னிக்குத் தண்ணி எடுக்கவே வரல. குடத்தை எடுத்துக்கிட்டு அந்த மனுஷன் போறாரு, ரெண்டு தெரு தள்ளி. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு நடை, வந்தப்புறம் ரெண்டு நடை. நான் ஜன்னல்லேந்து பாக்கறேன்."

சுகாதார இன்ஸ்பெக்டர் இளைஞர். குறித்த நாளில் சைக்கிளில், புட்டிகள் வைத்த ஒரு மரப்பெட்டியோடு வந்தார். டேனரி முதலாளி சட்டைமேல் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மேஸ்திரி அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் எடுத்து, உப்பைக் காட்டும் ஏதோ மருந்தை இரண்டு சொட்டு விட்டார். தண்ணீர் மோர் போல வெளுத்தது.

"ஒண்ணும் யோசிக்க வேண்டியதில்ல" என்றார். "சிரஸ்தார் சார் எழுதின மனுவுல நான் இன்னா சார் புதுசா விசாரிக்கிறது? படிச்சேன், அப்படியே ரிப்போர்ட்டா அனுப்பிடலாம் போல இருந்தது."

அவர் இதை மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் என்னை உலுக்கியது. நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், நாற்பது குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். அதற்கு எந்த அதிகாரியும் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. என் எழுத்து நன்றாக இருந்தால் போதும்.

சட்டைப் பையிலிருந்து நான்கு பக்க வாக்குமூலத்தை எடுத்துக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் முதல் பக்கத்தை நின்றபடி படித்தார். இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இதை வெச்சுக்கிட்டு நான் இன்னா பண்றது சார்? மனு குடுத்தவரே கிணத்தைக் கெடுத்தவர்னா எந்த ஃபாரத்துல எழுதறது?"

எந்த ஃபாரம், அதில் எந்தக் கட்டம் என்று சொன்னேன். குறிப்பில் என்ன சேர்க்க வேண்டும் என்பதையும் சொன்னேன். முதலாளி முதலில் நம்பாமல் என்னைப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். "சார் ரெண்டு வருஷத்துக்குக் குறையாத பட்டை கேட்டாரே! இன்னும் பத்து வண்டி கெடக்குது சார், அனுப்பட்டுமா?" அவருடன் வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். மேஸ்திரி சிரிக்கவில்லை. அவர் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி லைசென்ஸ் கிடைத்துவிடும், வேலை பிழைத்தது. ஆனால் தண்ணீர் கெட்டது கெட்டதுதான் என்பதை அந்தக் கூட்டத்தில் யோசித்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

உத்தரவு வந்தது. டேனரி மீதான மனு தள்ளுபடி. கிணற்று நீர் குடிக்க உதவாது. விதிப்படி மதிலில் சிவப்பு மையால் எழுதிவிட்டுப் போனார்கள், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கத்தில் எழுத ஆள் வருகிறான் என்று அந்த அம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். குற்றம் செய்யாத சுவரிலும் அதே எழுத்து.

பட்டையை வாரினேன். அதோடு ஒரு முழம் மண்ணையும் வாரினேன். அதை எங்கே கொட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆற்றில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் முதலாளி, எடுத்த இடத்திலேயே போடச் சொன்னார். இந்தத் தடவை சிரிக்காமல் சொன்னார். பிறகு வரப்புகளை வெட்டித் திறந்தேன். தேங்கிய மழைதானே உப்பைக் கரைத்து நேராகக் கிணற்றுக்குள் இறக்கியது. அடுத்த ஐப்பசியில் மழை கொட்டியபோது, தோட்டத்தில் விழுந்த நல்ல தண்ணீரெல்லாம் மடை வழியாகத் தெருவுக்கு ஓடுவதை வாசலில் நின்று பார்த்தேன். தெருவில் போன ஒருவர், "இன்னா சார், இவ்ளோ தண்ணிய வீணாக்கறீங்க" என்றார். கோடையில் ஆள் வைத்துக் கிணற்றை அடிவரை இறைத்தேன். ஊறியது. மறுபடி இறைத்தேன்.

மேஸ்திரி தண்ணீர் சுமப்பது நிற்கவில்லை. ஓர் ஆளை வைத்து அவர்கள் வீட்டுக்கும் தண்ணீர் கொண்டுவரச் செய்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "வேணாம் சார், பழகிப்போச்சு" என்றார். குரலில் கோபம் இல்லை. நடுவில் ஒரு கதவைச் சாத்திவைத்த குரல். டேனரியிலிருந்து வந்த களைப்போடு, தோலின் வாடை மாறாத தோளில் குடத்தை வைத்துக்கொண்டு என் வாசலைத் தாண்டிப் போவார். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு சலாம் வைப்பார். அந்தச் சலாமைத் தவிர்ப்பதற்காகவே அந்த வேளைகளில் நான் உள்ளே இருந்துவிடுவதும் உண்டு.

என் மனைவிக்கும் அந்த அம்மாளுக்கும் மெல்ல மெல்லப் பேச்சு திரும்பியது. துணி துவைக்க, பாத்திரம் கழுவ அந்தத் தண்ணீரையேதானே இறைக்க வேண்டும். முன்போல அரைமணி நேரம் இல்லை. கேட்டதற்குப் பதில். நான் கிணற்றடிக்கு வந்தால் அந்தப் பக்கம் அமைதியாகிவிடும். தோட்டத்தில் புதிதாக எதுவும் நடவில்லை. எதுவும் நடாமலே நான்காம் வருஷம் எங்கிருந்தோ புல் வந்தது, அதற்குப் பின்னால் தவிட்டுக்குருவிகள் வந்தன. கிணற்றுப் படியில் ஒரு தேரையைப் பார்த்தேன். நோட்டுப் புத்தகத்தில் எழுதவில்லை.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு ஒருநாள் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பு கம்மியாகியிருக்கிறது என்று பட்டது. ஆனால் என் நாக்கை நம்பத் தயாராக இல்லை. ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி கொல்லையில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். மதிலின் தணிந்த இடத்தில் வந்து நின்றார். ஒரு சொம்பு நீட்டினேன்.

"கொஞ்சம் பாத்து சொல்லுங்க மேஸ்திரி. எப்படி இருக்கு?"

இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு மடக்குக் குடித்தார். கொஞ்சம் நின்று இன்னொரு மடக்கும் குடித்தார். துப்பவில்லை.

"கம்மியாயிருக்குது சார்" என்றார். "ரொம்பவே கம்மி. இன்னும் ஒரு மழை, சரியாப் போய்டும்."

அவர் திரும்பியபோது வீட்டுக்குள்ளிருந்து அந்த அம்மாளின் குரல் உருதுவில் கேட்டது. இனி அதைக் குடிக்கலாமா, அவர் வெளியே போய்ச் சுமப்பதை நிறுத்தலாமா என்று கேட்டது. அவரும் உருதுவிலேயே, குரலைத் தாழ்த்தி, "இல்லை. இன்னும் உப்புத்தான்" என்றார். இந்த ஜில்லாவில் உத்தியோகம் பார்ப்பவனுக்கு உதவும் என்று இளவயதில் உருதுப் பரீட்சை எழுதித் தேறியவன் நான். பேசினால் சிரிப்பார்கள் என்று வெளியில் காட்டிக்கொண்டதில்லை. அவருக்கு அது தெரியாது.

சொம்பில் மிச்சம் இருந்ததை நான் குடித்தேன். உப்புத்தான். அன்று பொழுது சாய்வதற்குள் அவர் குடத்தோடு என் வாசலைத் தாண்டிப் போனார். இந்தத் தடவை நான் உள்ளே போகவில்லை.